ஸ்வீட் கார்ன் விதையை நாமே எடுக்கலாமா? கடலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவந்திபுரத்துக்கு மேற்கே, கெடிலம் ஆற்று ஓரமாக எங்களுக்கு முக்கால் ஏக்கர் இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் அதில் ஸ்வீட் கார்ன்தான். சில்வர் பீச்சில் வேகவைத்து விற்கிறவர்கள் விடியற்காலையில் வந்து கதிர் வாங்கிப் போவார்கள், பாண்டிச்சேரியிலிருந்தும் சிலர் வருவார்கள். நானே விதை எடுக்கிறேன் என்று யாரோ சொல்லிவிட, போனில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வாயால் சொன்னது போதும் என்று எழுதி வைத்துவிட்டேன்.

ஸ்வீட் கார்னும் கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளமும் வேறு வேறு பயிரா?

இல்லை, ஒரே பயிர். வேப்பூர், திட்டக்குடி பக்கம் மானாவாரியில் போடுகிறார்களே, அதே மக்காச்சோளம்தான். இரண்டுக்கும் பத்து ஜோடி குரோமோசோம். மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் படுகையில் ஏறத்தாழ 9000 வருஷத்துக்கு முன்னால் தியோசிண்டே என்ற காட்டுப் புல்லிலிருந்து வந்த வம்சம். வித்தியாசம் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவில்தான்.

இலை சர்க்கரை தயாரித்து மணிக்கு அனுப்புகிறது. சாதா மக்காச்சோளத்தில் மணி அதை உடனுக்குடன் மாவாக மாற்றி அடைத்துக்கொள்ளும். ஸ்வீட் கார்னில் அந்த வேலையில் ஒரு கண்ணி அறுந்துவிட்டது. அரைவை நேரத்தில் ஆலைக்குள் ஒரு மெஷின் நின்றால் வெளியே ரோட்டில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தேக்கம்தான் நாம் ருசிக்கும் இனிப்பு. கூடுதலாக எதுவும் சேர்ந்து வந்த இனிப்பு இல்லை, ஒரு வேலை நடக்காததால் மிஞ்சிய இனிப்பு.

இனிப்பில் எத்தனை வகை?

எந்த மெஷின் நின்றது என்பதைப் பொறுத்தது.

பழைய வகை சுகரி-1. இதன் மரபணு நாலாவது குரோமோசோமில் இருக்கிறது. இதில் ஆலையின் கடைசிக் கட்டத்தில், மாவுச்சத்தின் கிளைகளைச் செதுக்கிச் சீராக்கும் என்சைம் வேலை செய்யாது. அதனால் பாதி முடிந்த சரக்காக, தண்ணீரில் கரையும் ஒரு பொருள் மணிக்குள் தேங்கும். கடித்தால் பால்கோவா பதத்தில் வழுவழுவென்று இருக்கும். அமெரிக்காவில் 1902இல் விற்பனைக்கு வந்த கோல்டன் பாண்டம் இந்த ஜாதி. இதன் குறை, ஒடித்த நிமிடத்திலிருந்தே சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிடும். நம் ஊர் வெயிலில் காலையில் ஒடித்ததை மறுநாள் சாப்பிட்டால் பாதி இனிப்புதான்.

இப்போது கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஷ்ரங்கன்-2 வகை. மூன்றாவது குரோமோசோம். இதில் ஆலை வாசலிலேயே கதவு சாத்திவிட்டது. மாவுக்கு மூலப்பொருள் தயாரிக்கும் முதல் என்சைமே ஊனம். சர்க்கரை பழைய வகையைப் போல இரண்டு மூன்று மடங்கு, அதுவும் சில நாள் தாங்கும். ஆனால் அந்த வழுவழுப்பு இல்லை, மொறுமொறு என்று தண்ணியாக இருக்கும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் என்ற மரபியலாளர் 1953இல் இதைப் பற்றி எழுதினார். வேறு ஆராய்ச்சிக்காக வைத்திருந்த சுருங்கிய விதையை வாயில் போட்டுப் பார்த்துத்தான் அதன் இனிப்பைக் கண்டார் என்று சொல்வார்கள். எந்த விதையைப் பார்த்தாலும் ஒன்றைக் கடித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கும் உண்டு. (மருந்து தடவிய விதையைக் கடிக்காதீர்கள். சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் இருந்தால் அது விஷம்.)

இவை தவிர சுகரி வகையின் இனிப்பைக் கூட்டும் 'என்ஹான்சர்' என்ற ஒன்று, பிரிட்டில்-1 என்ற ஒன்று. பிரிட்டிலை வைத்து ஹவாயில் ஜேம்ஸ் ப்ரூபேக்கர் வெப்ப நாட்டுக்கு ஏற்ற ரகங்களை உருவாக்கினார்.

காய்ந்த விதையைக் கையில் கொட்டினாலே ஜாதி தெரிந்துவிடும். சாதா மக்காச்சோளம் உருண்டு திரண்டிருக்கும். சுகரி, கண்ணாடி போல ஒளி ஊடுருவும், மேலே சுருக்கம் விழுந்திருக்கும். ஷ்ரங்கன் உள்ளே ஒன்றுமே இல்லாதது போல ஒட்டிக் குழிந்து, கையில் எடை தெரியாமல் இருக்கும்.

அப்படியானால் இது ஜிஎம், அதாவது மரபணு மாற்றுப் பயிர்தானே?

இல்லை. சொன்ன எல்லாமே இயற்கையில் தானாக நேர்ந்த பிசகுகள். யாரோ கவனித்து எடுத்து வைத்தார்கள், அவ்வளவுதான். சுகரி பிசகு வெவ்வேறு இடங்களில் தனித்தனியாகப் பல முறை நடந்திருக்கிறது. பெருவில் சுல்பி என்று ஒரு பழைய இனிப்புச் சோளமே உண்டு. இந்தியாவில் விவசாயிகள் வணிகமாகப் பயிரிட அனுமதி பெற்ற ஜிஎம் பயிர் பிடி பருத்திதான்.

பக்கத்து வயலில் தீவன மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள். என் ஸ்வீட் கார்ன் இந்த வருஷமே கெட்டுவிடுமா, அடுத்த தலைமுறையில்தானா?

இந்த வருஷமே கெட்டுவிடும். பலருக்கு இதுதான் நம்ப முடிவதில்லை. 'பக்கத்து மாமரம் என்ன ஜாதியாக இருந்தாலும் என் மாம்பழம் மாறுவதில்லையே' என்று கேட்பார்கள். மாம்பழத்தில் நாம் தின்பது தாய் மரத்தின் சதை. மக்காச்சோளத்தில் நாம் தின்பது விதையையே, அதிலும் முக்கியமாகக் குழந்தைச் செடிக்கு வைத்த சோற்று மூட்டையை. முளைசூழ்தசை என்று பாடப் புத்தகத்தில் வரும். அது தாயிடமிருந்து இரண்டு பங்கு, மகரந்தத்திலிருந்து ஒரு பங்கு மரபணு வாங்கி உருவாகிறது. இனிப்புக்குக் காரணமான பிசகு ஒடுங்கு பண்பு. மூன்று பங்கில் ஒரே ஒரு பங்கு நல்ல மரபணு வந்துவிட்டாலும் ஆலை ஓட ஆரம்பித்துவிடும், அந்த மணி மாவாகிவிடும்.

கதிரின் ஒவ்வொரு பட்டு நூலும் ஒரு மணியோடு இணைந்தது. எந்த நூலில் யாருடைய மகரந்தம் விழுந்ததோ அந்த மணி மட்டும் மாறும். அதனால்தான் ஒரே கதிரில் பத்து மணி இனிப்பாகவும் பதினோராவது மணி மொச்சை போலவும் இருக்கும்.

மணித் தோலின் கதை வேறு. தோல் முழுக்கத் தாயுடையது. பல்லில் சிக்கும் தடித்த தோல் என்றால் பக்கத்து வயலைத் திட்டிப் பயனில்லை, உங்கள் ரகமே அப்படி.

இடைவெளி 200 மீட்டருக்குக் குறையக் கூடாது. விதை எடுப்பதானால் 400 விட்டால் நிம்மதி. அவ்வளவு நிலம் யாரிடம் இருக்கிறது? எனக்கும் இல்லை. நான் விதைக்கும் நாளை வைத்துப் பிரித்துக்கொள்கிறேன். பக்கத்துக்காரர் விதைத்து மூன்று வாரம் கழித்து நான் விதைப்பேன். இரண்டின் பூப்பும் ஒன்றன் மேல் ஒன்று விழாது.

இரண்டு பாக்கெட்டுமே ஸ்வீட் கார்ன்தான். கலந்து போட்டால் என்ன?

இந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன். பாண்டிச்சேரியில் இருக்கும் எங்கள் சித்தப்பா, பிரான்சில் இருக்கும் மகனைப் பார்த்துவிட்டு வந்தபோது ஒரு பாக்கெட் விதை கொண்டுவந்தார். பழைய சுகரி ஜாதி. நான் கடை விதை நாலு வரிசை, சித்தப்பா விதை நாலு வரிசை, பக்கத்துப் பக்கத்தில் போட்டேன். இனிப்பும் இனிப்பும் சேர்ந்தால் இன்னும் இனிப்பு என்று கணக்கு. கதிர் முற்றியபோது இரண்டு பக்கமும் திட்டுத் திட்டாகத் தீவன மக்காச்சோளம்! 'என்ன தம்பி, கோழிக்குப் போடுற சோளத்தைக் கொடுத்துட்டியே' என்று பீச்சில் விற்கும் அக்கா திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார்.

காரணம் எளிது. சுகரி செடியில் கடைசி மெஷின்தான் பழுது, வாசல் மெஷின் நன்றாக இருக்கிறது. ஷ்ரங்கனில் வாசல் பழுது, கடைசி மெஷின் நல்லது. இரண்டும் சேர்ந்த மணியில் ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்பிவிடும். ஆலை முழுசாக ஓடும். ஷ்ரங்கனையும் பிரிட்டிலையும் சேர்த்தாலும் இதே கதைதான்.

நஷ்டம் ஆனது ஆகிவிட்டது, படிப்பாவது மிஞ்சட்டும் என்று ஷ்ரங்கன் கதிர்களில் இருந்த உருண்ட மணிகளை மட்டும் பொறுக்கி அடுத்த பட்டத்தில் தனியாக விதைத்தேன். வந்த கதிரைக் காய வைத்து, பள்ளிக்கூடம் போகும் பெண்ணோடு திண்ணையில் உட்கார்ந்து மணி மணியாக எண்ணினோம். உருண்டது ஒரு குவியல், கண்ணாடிச் சுருக்கம் ஒரு குவியல், ஒட்டிக் குழிந்தது ஒரு குவியல். கணக்குப்படி 9:3:4 வர வேண்டும். 400 மணிக்கு 225, 75, 100. பத்துப் பதினைந்து முன்னே பின்னே அப்படியே வந்தது. 9:3:3:1 தானே வரும் என்று மகள் கேட்டாள். இரண்டு பழுதும் சேர்ந்த அந்த 1, பார்வைக்கு ஷ்ரங்கன் போலவேதான் இருக்கும், அதனால் 3உம் 1உம் சேர்ந்து 4. வாசலே சாத்தியிருக்கும்போது கடைசி மெஷின் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன?

மஞ்சளும் வெள்ளையும் கலந்த கதிர் வருகிறதே, அது கலப்படமா?

இல்லை. மஞ்சளுக்கான மரபணு ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது, மஞ்சள் ஓங்கு, வெள்ளை ஒடுங்கு. மஞ்சள் தாய்க்கும் வெள்ளைத் தகப்பனுக்கும் பிறந்த வீரிய ஒட்டு விதையை விதைத்தால், அந்தச் செடிகள் தங்களுக்குள் கலந்து, கதிரில் மூன்று மஞ்சளுக்கு ஒரு வெள்ளை என்று மணி பிரியும். மெண்டல் கணக்கை இவ்வளவு மலிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. ஒரு கதிர் வாங்கி எண்ணிப் பாருங்கள்.

கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையில் வந்த கதிரையே விதைக்கு விடலாமா? மலடாகிவிடும் என்கிறார்களே?

மலடு என்பது வெறும் பேச்சு. முளைக்கும். இன்னொன்றும் சொல்கிறேன், இனிப்பும் போகாது. தாய் தகப்பன் இரண்டுமே ஷ்ரங்கன் என்றால் பேரன் பேத்தி எல்லாமே ஷ்ரங்கன்தான், பிரிவதற்கு வேறு எதுவும் இல்லை.

போவது வீரியம். செடியின் உயரம், கதிரின் நீளம், நுனி வரை மணி பிடிப்பது, எல்லாச் செடியும் ஒரே வாரத்தில் பூப்பது, இவையெல்லாம் ஒரு மரபணு வேலை இல்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிடும் வேலை. வெவ்வேறு வம்சத்துத் தாய் தகப்பனைச் சேர்க்கும்போது ஒருவர் குறையை மற்றவர் மறைக்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷல் 1908இல் எழுதியது இதைத்தான், அதன் மேல்தான் இன்றைய விதைத் தொழிலே நிற்கிறது. அந்த ஒட்டிலிருந்து எடுத்த விதையில், ஒட்டினால் கூடிய வீரியத்தில் சுமார் பாதி இறங்கிவிடும். கையால் தன் மகரந்தத்தையே தனக்குப் போட்டால் தலைமுறைக்குத் தலைமுறை கலப்பு பாதி பாதியாகக் குறையும், 50, 25, 12.5 என்று. நாலாவது தலைமுறையில் இடுப்புயரச் செடியும் விரலளவு கதிரும் பார்க்கலாம். சொந்தத்திலேயே கட்டிக் கட்டிச் சுருங்கின மாதிரி.

சந்தைக்குப் போடுகிறவர் ஒட்டு விதையையே வாங்குங்கள். இதில் எனக்கு வீறாப்பு எதுவும் கிடையாது. சொந்த விதை என்பது பொறுமையுள்ளவன் வேலை.

பொறுமை இருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது?

ஒரே ஒட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நாலைந்து வெவ்வேறு ஒட்டு ரகங்களையும் பொறுக்கு ரகங்களையும் (ஒட்டு இல்லாமல், காற்றில் கலந்து, விதை எடுத்து விதைக்கும் ரகங்கள்) எடுங்கள், எல்லாமே ஒரே இனிப்பு ஜாதியாக இருக்கட்டும். சித்தப்பா பாக்கெட் கதையை மறக்க வேண்டாம். கலந்து விதைத்து, காற்றே மகரந்தம் சேர்க்கட்டும் என்று விடுங்கள். முதல் வருஷம் எதையும் கழிக்காமல் நன்றாகக் கலக்க விடுவது நல்லது. இரண்டாவது வருஷத்திலிருந்து கத்தி எடுக்கலாம்.

கழிப்பது ஆண் பூ விரிவதற்கு முன்னால் நடக்க வேண்டும். மெலிந்த செடி, வெளிறிய செடி, கீழே சாயும் செடி எல்லாவற்றின் ஆண் பூவையும் உருவிவிடுங்கள். ஒரு ஆண் பூவில் பல லட்சம் மகரந்தத் துகள். நோஞ்சான் ஒருத்தன் காலையில் எழுந்து உதறினால் வயல் முழுக்க அவன் பிள்ளைகள்தான்.

குறைந்தது 100 கதிராவது விதைக்கு வேண்டும், 200 என்றால் மேல். 'பெரிய கதிர் பத்து எடுத்து வைத்தேன்' என்று பெருமையாகச் சொல்வார்கள். கத்தரியில் அது நடக்கும், ஏனென்றால் கத்தரி பெரும்பாலும் தன்னோடு தானே சேரும் செடி, உள்கலப்பு அதற்குப் பழகிப்போனது. மக்காச்சோளம் ஊரோடு கலந்து வாழ்ந்த பயிர். பத்துக் கதிரில் அடைத்தால் மூன்று வருஷத்தில் முகம் வாடிவிடும். ஒவ்வொரு கதிரிலிருந்தும் ஒரே அளவு மணி எடுங்கள், பெரிய கதிர் என்று அதிகம் எடுக்க வேண்டாம்.

குறிப்பிட்ட இரண்டு செடியைச் சேர்க்க வேண்டுமா? பட்டு நூல் வெளியே வருவதற்கு முன்பே கதிருக்கு வெண்ணெய்த்தாள் உறை மாட்டுங்கள். ஆண் பூவுக்கு முதல் நாள் சாயங்காலம் பிரவுன் காகிதப் பை. காலை ஒன்பது பத்து மணிக்குப் பையோடு வளைத்துத் தட்டினால் மஞ்சள் தூள் கொட்டும். உடனே பட்டு நூல் மேல் கவிழ்த்து, மறுபடி மூடி, தேதியை எழுதுங்கள். அந்தத் தூளுக்கு ஆயுள் சில மணி நேரம். மத்தியானத்துக்கு எடுத்து வைத்தால் வெறும் தூசி.

இனிப்பு நன்றாகத்தானே இருக்கிறது, கலப்பு, பன்மை என்று எதற்கு இவ்வளவு அலட்டல்?

1970இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். ஆண் பூவை ஆள் வைத்து உருவும் கூலியை மிச்சப்படுத்த, மகரந்தமே தராத 'டெக்சாஸ்' தாய் வம்சம் ஒன்றை விதை நிறுவனங்கள் எல்லாம் எடுத்துக்கொண்டன. அந்தக் குணம் தாய் வழியாக மட்டும் வரும், மகரந்தம் வழியாக வராது. வயலில் முக்கால்வாசிக்கு மேல் அந்த ஒரே தாய் வம்சம். அதையே குறி வைத்தது போல ஒரு இலைக்கருகல் பூஞ்சை வந்தது. நாட்டின் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் போனது. ஊரெல்லாம் ஒரே பூட்டு என்றால் கள்ளனுக்கு ஒரு சாவி போதும்.

ஸ்வீட் கார்னில் வம்சம் இன்னும் குறுகியது. குளிர் நாட்டு ரகங்கள் பெரும்பாலும் கோல்டன் பாண்டம் மாதிரி விரல் விட்டு எண்ணும் முன்னோர்களிடமிருந்து வந்தவை. நம் ஊரின் அடிச்சாம்பல் நோயை அவை பார்த்ததே இல்லை. நம் தமிழ்நாட்டில் அது பெரிய தலைவலி. இலை வெளிறிக் கோடு விழுந்து, கதிரே வைக்காமல் நிற்கும். அதற்குத் தாங்கும் சக்தி ஒரு மரபணுவில் இல்லை, பலவற்றில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கிறது. தாய்லாந்தில் 1970களில் வந்த சுவான்-1 என்ற மக்காச்சோள ரகம் அந்தச் சக்திக்குப் பேர் போனது. நம் நாட்டிலும் சிக்கிம் மலையில் ஒரு செடிக்கு ஐந்தாறு கதிருக்கு மேல் வைக்கும் பழைய மக்காச்சோளம் இருக்கிறது. இப்படிப்பட்ட இனிப்பில்லாத உறவுகளிடம்தான் சொத்து இருக்கிறது. அதை எடுத்து இனிப்புக்குள் கொண்டுவருவது நடக்கக்கூடிய வேலையே. முதல் தலைமுறை எல்லாம் மாவாக வரும், பயப்பட வேண்டாம். இரண்டாவது தலைமுறைக் கதிரில் நாலில் ஒரு மணி ஒட்டிக் குழிந்து நிற்கும். அதைப் பொறுக்கினால் இனிப்பு திரும்பக் கைக்கு வந்துவிட்டது.

பொறுக்கு ரகம் இந்தியாவில் உண்டா? விதையை விற்கலாமா?

உண்டு. ஹைதராபாத்தில் உருவான மாதுரி, பிரியா இரண்டும் கூட்டு ரகங்கள், அதாவது பல வம்சங்களைக் கலந்து உருவாக்கியவை, விதை எடுத்து விதைக்கலாம். 2001ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டப்படி விவசாயி தன் விளைச்சலில் விதை எடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை அந்த ரகத்தின் பெயரைப் போட்ட பாக்கெட்டாக மட்டும் விற்கக் கூடாது.

விதை பாதி முளைக்கவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இருக்கலாம். ஆனால் ஷ்ரங்கன் விதையின் குணமே அது. சோற்று மூட்டை காலி, முளை பசியோடு எழ வேண்டும். ஒரு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். விதைத்த அன்று வயலில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஐப்பசி மழையில் போட்டுவிட்டு விதைக்காரரைத் திட்டாதீர்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்த விதையை நான் நம்புவதில்லை.

மாடியில் பத்துத் தொட்டி வைக்கலாமா?

வைக்கலாம், வரிசையாக வைக்காமல் கட்டமாக நெருக்கி வையுங்கள். ஒற்றை வரிசையில் மகரந்தம் கடல் காற்றோடு போய்விடும், கதிர் பொக்கைப் பல்லாக வரும். சாப்பிட மட்டும்தான், விதைக்கு இல்லை.

பேபி கார்ன் தனி ரகமா?

எந்தக் கதிரையும் பட்டு நூல் எட்டிப் பார்த்த ஓரிரு நாளில் ஒடித்தால் பேபி கார்ன்தான். நிறைய கதிர் வைக்கும் ரகமாக இருந்தால் லாபம்.

விதைக்கு விடும் கதிரை எப்போது ஒடிப்பது, எந்தப் பட்டம் நல்லது?

தின்பதற்கு பட்டு நூல் வந்து 18 முதல் 22 நாள். நகத்தால் கீறினால் பால் தெறிக்க வேண்டும். விதைக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், தோகை காய்ந்து வெளுக்கும் வரை. இனிப்பு மணியில் ஈரம் மெதுவாகத்தான் போகும், பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும், அதனால் கடலூரில் ஐப்பசி கார்த்திகையில் விதைக் கதிர் வயலில் நிற்கவே கூடாது. ஒரு புயல் போதும். நான் தை முதல் வாரம் விதைக்கிறேன். மாசிக் கடைசியில் பூத்துவிடும், மகரந்தத்தைப் பொசுக்கும் வெயில் வருவதற்குள் மணி பிடித்துவிடும், சித்திரை நடுவில் கதிர் காய்ந்துவிடும். அதற்குள் கிளி வரும். கதிர் நுனிக்குப் பழைய வேட்டித் துணியைச் சுற்றி வைக்கிறேன், அதையும் கிழித்துவிட்டுத் தின்கிறது.